பங்குனியக்கா காட்டிய வழி

பங்குனியக்கா ஒரு கைப்பொம்மை. மெஹரூன்னிசாவின் கல்யாணத்துக்கு வந்த பச்சை வெல்வெட்டுத் துணியில் தைத்த ஆமை. கண்ணுக்கு இரண்டு சட்டைப் பொத்தான், முதுகு ஓட்டுக்குப் பாதித் தேங்காய்ச் சிரட்டை. அவ்வளவுதான். ஆனால் அனுமந்தைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னக் குப்பத்தில், எண்பத்தெட்டாம் வருஷம், பங்குனியக்காவுக்கு இருந்த மவுசு ஊர்ப் பஞ்சாயத்தாருக்குக் கிடையாது, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்குக் கிடையாது, பாடம் நடத்துகிற மெஹரூன்னிசாவுக்கே கிடையாது. டீச்சர் தொண்டை கிழியக் கத்தினாலும் நகம் வெட்டாத பிள்ளை, பங்குனியக்கா ஒரு வார்த்தை சொன்னால் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து பத்து விரலையும் நீட்டும்.

மெஹரூன்னிசா மரக்காணத்துக்காரி. புருஷன் முஜீப் ரஹ்மான் ஷார்ஜாவில் ஒரு கடையில் வேலை பார்த்தான். இவள் மாமியாரோடு இருந்துகொண்டு தினமும் பஸ்ஸேறி வந்து, ரோட்டில் இறங்கி, உப்பளத்து வரப்பில் நடந்து, மணல் மேட்டில் ஏறிக் குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். மேட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே உப்பளம். மேட்டின் மேல் வீடுகள், வீடுகள் முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம். ஒரே அறை, ஒரே டீச்சர், அஞ்சு கிளாஸ். அவள் வருவதற்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடியவர்கள். இவள் ஓடவில்லை. பிள்ளைகள் மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம்.

அந்தக் கரையில் தை, மாசி மாதங்களில் ஆமைகள் இருட்டில் ஏறி வந்து, மணலில் குழி பறித்து முட்டை போட்டுவிட்டுப் போகும். பொழுது விடியும்போது குழி காலியாக இருக்கும். ஆராயி போன்ற பெண்கள் ஒரு கம்பியால் மணலைக் குத்திப் பார்த்தே முட்டை இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுவார்கள். கூடையில் அள்ளிக்கொண்டு போய் மரக்காணம் சாராயக்கடைப் பக்கம் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் விற்றுப்போகும். ஆமையைத் தொடக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். சட்டம் அந்த உப்பளத்து வரப்பில் நடந்து வந்து யாரும் பார்த்ததில்லை.

ஆராயியின் மகள் பூவிழி நாலாங்கிளாஸ். ஒரு நாள் தூக்குச்சட்டி நிறைய வேகவைத்த ஆமை முட்டையைக் கொண்டுவந்து டீச்சர் மேஜையில் வைத்தாள்.

“எங்கம்மா உங்களுக்குன்னு குடுத்துச்சு டீச்சர். இது கோழி முட்ட மாதிரி ஒடையாது. கிள்ளிட்டு உறியணும்.”

வாங்காவிட்டால் பிள்ளை முகம் வாடிவிடும். வாங்கினால் சாப்பிட முடியாது, இவள் வீட்டில் ஆமை ஆகாது. மெஹரூன்னிசா சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வரப்பில் நடக்கும்போது சட்டியைத் திறந்து பார்த்தாள். நசுங்கிய பிங்பாங் பந்து போலச் சுருங்கிக் கிடந்தன. போன வாரம்தான் அவள் பார்த்திருந்தாள், விடிந்த பிறகும் கரையில் மாட்டிக்கொண்ட ஓர் ஆமையை. அது முட்டை போட்டுக்கொண்டே இருக்க, பின்னாலேயே உட்கார்ந்து நாலு கைகள் எடுத்துக்கொண்டே இருந்தன. ஆமையின் கண்ணில் நீர் வழிந்தது. அன்று ராத்திரி மாமியார் தூங்கிய பிறகு பெட்டியைத் திறந்து அந்த வெல்வெட்டுத் துணியை எடுத்தாள். பொம்மை செய்கிற வித்தை திண்டிவனத்தில் டீச்சர்களுக்கு நடந்த பயிற்சியில் பழகியது.

மறுநாள் மேஜைக்குப் பின்னாலிருந்து பங்குனியக்கா தலை நீட்டினாள். ஆமைக்குஞ்சு பொரிக்கிற மாசத்தை வைத்து அந்தப் பக்கத்தில் அதைப் பங்குனி ஆமை என்பார்கள். பெயர் அதிலிருந்து வந்தது. மூக்கால், இழுத்து இழுத்து ஒரு பேச்சு. “ஏம்ப்ப்பா… எம்மாந் தூரத்துலேர்ந்து நீந்தி வர்றேன்… ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டீங்களா?” பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கூரை ஓலையில் இருந்த அணில் ஓடிவிட்டது. தன் முட்டைகளைக் காணோம் என்று பங்குனியக்கா தேடினாள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வந்து முகர்ந்து பார்த்தாள். பூவிழி தன் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். மறைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். தமிழ்வேந்தன் என்று ஒரு பொடியன், எதையும் கேள்வி கேட்காமல் விடாதவன், எழுந்து நின்றான்.

“அக்கா, நீ முட்டையப் போட்டுட்டுக் கடலுக்குப் போயிடற. உம் புள்ளைங்க இருட்டுல பொறக்குதுங்க. அதுங்க உன்ன எப்படிக் கண்டுபுடிக்கும்?”

மெஹரூன்னிசாவுக்குத் தெரியாது. தெரியாதுடா கண்ணு, கேட்டுச் சொல்றேன் என்று சொல்வதற்கு என்ன கேடு? ஆனால் பேசிக்கொண்டிருந்தது டீச்சர் இல்லை, பங்குனியக்கா. அத்தனை பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு அந்த இரண்டு பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவள் நாக்கில் வந்தது அந்தக் கரையின் வழக்கம்தான். கட்டுமரம் இருட்டில் திரும்புகிற நாட்களில், பொம்பளைகள் மணல் மேட்டில் கம்பு நட்டு அரிக்கேன் விளக்கை மாட்டி வைப்பார்கள். கடலில் இருக்கிற ஆம்பளை அந்தப் பொட்டு வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேருவான். அந்தக் குப்பத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் விளக்கு என்றால் அப்பா வருகிறார் என்று அர்த்தம்.

“எம் புள்ளைங்க பொறக்குற அன்னிக்கு மேட்டு மேல நீங்க வெளக்கு ஏத்தி வெய்யுங்க,” என்றாள் பங்குனியக்கா. “அதப் பாத்துட்டு நான் கரைக்கு வந்து என் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். மறுநாள் பங்குனியக்காவின் கழுத்தில் ஒரு சின்ன விளக்கும் தொங்கியது. ஊசி மருந்து பாட்டில், அதற்குள் மஞ்சள் கம்பளி நூல். மெஹரூன்னிசாவுக்கே அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பிறகு நடந்ததை ஊரில் யாரும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் முட்டை தின்ன மாட்டோம் என்றார்கள். தாய்மார்கள் முதலில் சிரித்தார்கள், அடுத்து முதுகில் நாலு வைத்தார்கள், அதற்கும் மசியவில்லை. ஆராயி கம்பியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனால் பூவிழி முன்னால் போய் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். “என்னக் குத்திட்டு எடு.” ஆராயி பள்ளிக்கூடத்து வாசலுக்கே வந்து கத்தினாள்.

“டீச்சரம்மா, அது துணி பொம்ம! அத வெச்சி எம் பொண்ண எங்கிட்டேயே சண்டைக்கு வுடறீங்களே!”

கத்திவிட்டுப் போனவள் அதன் பிறகு கம்பியைத் தொடவில்லை. மகள் சோறு தின்னாமல் கிடந்தால் எந்தத் தாய்க்குத்தான் வியாபாரம் ஓடும்? மற்ற வீடுகளிலும் இதே கதைதான். மாசி பாதியாகும்போது கரையில் ஆமைக் குழிகளைச் சுற்றிக் கருவேல முள் வேலி நின்றது. நாய் வந்தால் விரட்டப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டார்கள். வலைத் துண்டும் பாலிதீன் பையும் கரையில் கிடந்தால் பொறுக்கினார்கள், ஆமை தொண்டையில் சிக்குமாம், பங்குனியக்கா சொல்லியிருக்கிறாள். பெரியவர்களே மணலில் கால் கழுவப் போகும்போது வேலியை விட்டு விலகிச் சுற்றிப் போனார்கள். அர்ச்சுனன், பூவிழியின் அப்பன், வலையில் மாட்டிய ஆமையை அறுக்காமல் கடலில் விட்டுவிட்டு வந்து மகளிடம் சொன்னான். சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டான்.

மெஹரூன்னிசா அந்த நாட்களில் மண்ணில் கால் பாவாமல் நடந்தாள். ஷார்ஜாவுக்குக் கேசட்டில் பேசி அனுப்பும்போது ஆமையைப் பற்றியே பேசினாள். குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், இந்தக் கரையில் இனி எவரும் முட்டையைத் தொட மாட்டார்கள் என்று நம்பினாள். அந்த ஒரு காலைப்பொழுதுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். தொழுதுவிட்டுத் துஆ கேட்கும்போதுகூட அதைத்தான் கேட்டாள்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் பூவிழி மூச்சிரைக்க ஓடிவந்தாள். “டீச்சர், ரெண்டு குழியில மண்ணு உள்ள எறங்கியிருக்குது! இன்னிக்குப் பொறந்துடும்!” பிள்ளைகள் வீட்டுக்கு ஒன்றாக அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து மேட்டு உச்சியில் வரிசையாக வைத்தார்கள். எண்ணெய் அளந்து ஊற்றிக் கண்ணாடியைத் துடைத்தது ஆராயிதான். மெஹரூன்னிசா கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ராத்தங்க வீட்டில் விட மாட்டார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் வருவதாகப் பிள்ளைகளிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனாள்.

வந்தாள். ரோட்டில் இறங்கும்போது இன்னும் இருட்டு பிரியவில்லை. உப்பள வேலைக்காரர்கள் வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்கிறவர்கள். வரப்பில் அய்யனார் நின்றிருந்தான், அவளுக்குத் தினமும் வழி விட்டு ஒதுங்கி நிற்கிற உப்பளத்து ஆள். கையில் உப்பு வாரும் பலகை இருந்தது. ஆனால் அவன் வாரவில்லை, உப்புப் பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“டீச்சரம்மா, இங்க கொஞ்சம் வாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

அவன் டார்ச்சை அடித்தான். பாத்தியில் உப்பு பூத்த தண்ணீரில் தீப்பெட்டி அளவுக்குக் கறுப்புக் கறுப்பாக மிதந்தன. ஓரத்தில் ஒதுங்கியவற்றின் மேல் உப்பு படிந்திருந்தது. கால்களை விரித்து நீந்துகிற மாதிரியே செத்திருந்தன. ஒன்று இரண்டு இல்லை. பாத்திக்குப் பாத்தி கிடந்தன. அய்யனார் பலகையால் ஒன்றை மெதுவாக ஒதுக்கினான். “நான் தெரியாம ரெண்டு மூணு பாத்தி வாரிட்டேம்மா,” என்றான். உப்புக் குவியலுக்குள் ஒரு சின்னத் துடுப்பு தெரிந்தது.

 மெஹரூன்னிசா செருப்போடு பாத்திக்குள் இறங்கினாள். அசைகிறவற்றை மட்டும் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மேட்டில் ஏறினாள். உச்சியில் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எப்போது கண் அசந்தார்களோ, ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தார்கள்.

குழியிலிருந்து மணலில் கோடுகள் கிளம்பியிருந்தன. சைக்கிள் டயர் தடம் போலப் பொடிக்கோடுகள். கடல் பக்கம் ஒரு கோடு போகவில்லை. எல்லாம் மேட்டின் மேல் ஏறின, விளக்குகளைச் சுற்றிச் சுற்றிக் குழம்பின, பிறகு அந்தப் பக்கச் சரிவில் உப்பளத்துக்கு இறங்கின. விளக்கடியில் நண்டு தின்றது போகச் சில ஓடுகள் கிடந்தன.

அவள் முந்தானையிலிருந்து ஒரு குஞ்சை எடுத்துக் கடலைப் பார்க்க வைத்தாள். அது நின்றது, திரும்பியது, விளக்கை நோக்கி விறுவிறுவென்று நடந்தது. விளக்கை எடுத்து இடது பக்கம் வைத்தாள். அதுவும் இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் வைத்தாள். திரும்பியது.  ஓடி ஓடி ஒவ்வொரு விளக்காக ஊதி அணைத்தாள். கடைசி விளக்கும் அணைந்ததும் கிழக்கே கடலுக்கு மேல் லேசாக வெளுத்திருப்பது தெரிந்தது. குஞ்சு கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு அந்த வெளுப்பைப் பார்த்துச் சரிவில் இறங்கிப் போய் அலையில் மறைந்தது. முந்தானையில் மிச்சம் இருந்தவற்றில் இன்னும் ஒன்றிரண்டு போயின. மற்றவை நகரவே இல்லை.

“டீச்சர்!” பூவிழி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். “வெளக்கெல்லாம் அணைஞ்சிருக்குது! யாரு அணைச்சது?”

“நான்தாம்மா.”

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்திருக்கக் கூடாது, அந்த நேரத்தில். ஆனால் விழுந்துவிட்டது.

சத்தம் கேட்டு ஊர் கூடியது. உப்பளத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் அழுதார்கள். தமிழ்வேந்தன் அழவில்லை, அவளையே முறைத்துக்கொண்டு நின்றான்.

“நீங்க அணைச்சிட்டீங்க. அதனாலதான் பங்குனியக்கா வரல.”

“இல்லடா. நான் இப்பதான் அணைச்சேன். அதுங்க வெளக்கப் பாத்துத்தாண்டா மேட்டுல ஏறுச்சு. வெளக்கு இல்லன்னா நேரா கடலுக்குப் போயிருக்கும். நான் என் கண்ணால பாத்தேன்.”

 அர்ச்சுனன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். ராத்தூக்கம் கெட்டு எழுந்து வந்த பொம்பளையிடம் பேசுகிற குரலில், பொறுமையாகச் சொன்னான்.

“வெளக்கு எங்கனா வழியக் கெடுக்குமா டீச்சர்? எங்கப்பன் காலத்துலேர்ந்து நாங்க அத நம்பித்தான் கர ஏறுறோம். காத்துல திரி எறங்கியிருக்கும். அதுங்களுக்கு வெளிச்சம் பத்தல. அடுத்த குழிக்குப் பெரிய வெளக்கா வெச்சிடுவோம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அதுதான் அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. மரக்காணத்தில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற பெட்ரோமாக்ஸ் இருக்கிறது, இரண்டு கொண்டுவரலாம் என்று ஒருத்தன் சொன்னான். பிள்ளைகள் முகத்தில் தெளிவு வந்தது. இன்னும் சில குழிகள் பாக்கி இருந்தன. அடுத்தது ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். மெஹரூன்னிசா கத்தினாள், கெஞ்சினாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். டீச்சருக்கு மனசு கெட்டுப்போச்சு என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அவள் சொன்னால் கேட்க மாட்டார்கள். அவளுக்கு அது எப்போதோ தெரிந்த விஷயம்தான். யார் சொன்னால் கேட்பார்கள் என்பதும் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பொம்மையைக் கையில் மாட்டினாள். பங்குனியக்கா தலை நீட்டியதும் பிள்ளைகள் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. முன்னால் நகர்ந்து வந்தார்கள். சின்னப்பாப்பா, ஒண்ணாங்கிளாஸ், எல்லோரையும் இடித்துக்கொண்டு மேஜையிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள்.

“நீ ஏன் வரல?” என்று கேட்டாள்.

“ஏம்ப்ப்பா… நான் சொல்றதக் கேளுங்க,” என்றாள் பங்குனியக்கா. “இனிமே வெளக்கு வெக்காதீங்க. வெளக்கு வேணாம். இருட்டாவே வுட்டுடுங்க. எம் புள்ளைங்க தானா கடலுக்கு…”

மூக்குக் குரல் பாதியில் உடைந்தது. அழுகையில் இழுத்து இழுத்துப் பேச முடியவில்லை. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் அவள் குரலே வந்தது.

“இது பங்குனியக்கா இல்ல,” என்றான் தமிழ்வேந்தன்.

“டீச்சர் பேசறாங்க,” என்றாள் இன்னொருத்தி.

“பங்குனியக்கா அப்படிச் சொல்ல மாட்டா. அவதான் வெளக்கு வெக்கச் சொன்னா. நீங்க அவ வாயில பேசாதீங்க டீச்சர்.”

இத்தனை நாள் உள்ளே ஒரு கை இருப்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதை ஒரு பிள்ளையும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. இப்போதுதான் எல்லோரும் மணிக்கட்டைப் பார்த்தார்கள். மெஹரூன்னிசா மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். பொம்மையைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். வெல்வெட்டு தட்டையாகப் படிந்தது. சிரட்டை ஒரு பக்கம் சாய்ந்தது. கையில்லாத பங்குனியக்காவை அவர்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

சின்னப்பாப்பா வீறிட்டாள். “செத்துப்போச்சு! பங்குனியக்கா செத்துப்போச்சு!”

அந்த அழுகையை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மெஹரூன்னிசா தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள்.

“கேளுங்க. பங்குனியக்கான்னு யாரும் இல்ல. நான்தான். வெளக்கு வெக்கச் சொன்னதும் நான்தான். ஆமைக்குஞ்சு எப்படிக் கடலுக்குப் போகும்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே சொல்லிட்டேன். ஆமையம்மா முட்டையப் போட்டுட்டுப் போனா திரும்பி வராதாயிருக்கும். அதுங்களுக்கு வெளிச்சம்தான் கடலு. நாம மேட்டுல வெளிச்சத்த வெச்சோம், அதுங்க கடல்னு நெனச்சி மேட்டுல ஏறிடுச்சு. எம்மேலதான் தப்பு. உங்க யார் மேலயும் இல்ல.”

இப்போது நம்பினார்கள். நம்பியது அவர்கள் முகத்தில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை. நம்பாமலே இருந்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

பூவிழி கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

“அப்ப நாங்கதான் சாவடிச்சோமா?”

“இல்லம்மா. நான்.”

“வெளக்க ஏத்தினது நான்தான டீச்சர்,” என்றாள் பூவிழி. “திரியப் பெருசா வெச்சதும் நான்தான். எங்கம்மா கம்மியா வெச்சிருந்துச்சு.”

மெஹரூன்னிசாவிடம் பதில் இருந்தது. பதில் ஒன்றல்ல, பத்து இருந்தது. ஒன்றும் அந்தப் பிள்ளையிடம் போய்ச் சேரவில்லை.

பெட்ரோமாக்ஸ் வரவில்லை. அந்த மட்டில் அவள் ஜெயித்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கரைக்கு வருவதையும் பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். நாய் விரட்டும் முறை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. முள் வேலியை யாரோ அடுப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மெஹரூன்னிசா பள்ளிக்கூடம் விட்ட பிறகு கடைசி பஸ் வரைக்கும் குழிகளுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு குச்சி. பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்து போனாள். காலையில் வந்து பார்த்தால் நாய்கள் தோண்டிய குழி, சுற்றிலும் கிழிந்த முட்டைத்தோல், பாதி உருவான குஞ்சுகள். மறுநாளும் அப்படித்தான். ஒரு குழியாவது கடலுக்குப் போயிற்றா என்று அவளுக்குத் தெரியவே இல்லை. வகுப்பில் பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாக ஆனார்கள். சொன்னதைச் செய்தார்கள், நகத்தை வெட்டிக்கொண்டு வந்தார்கள், கேள்வி கேட்கவில்லை. தமிழ்வேந்தன்கூடக் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு காலை, முதல் பஸ்ஸில் வந்து மேட்டில் ஏறியவள் கீழே பார்த்தாள். ராத்திரி ஓர் ஆமை வந்து போயிருக்கிறது. சீசனில் பிந்தி வந்த ஆமை. கடலிலிருந்து ஏறிய தடமும் இறங்கிய தடமும் ஈர மணலில் அப்படியே இருந்தன. இரண்டும் சேருகிற இடத்தில் ஆராயி குத்துக்காலிட்டு உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருந்தாள். பூவிழி பக்கத்தில் கூடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மெஹரூன்னிசாவைப் பார்த்ததும் ஆராயி கையை இழுத்துக்கொண்டாள். கூடை முக்கால்வாசி நிறைந்திருந்தது.

“தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சரம்மா. நான் கையால தொடக்கூடாதுன்னுதான் இருந்தேன். எப்படியும் நாய் துன்னப்போவுது.” கொஞ்சம் தயங்கினாள். அந்தப் பொம்பளைக்கு டீச்சர் மேல் இன்னும் மரியாதை போகவில்லை. “வேணாம்னா சொல்லுங்க. உள்ள வெச்சி மூடிட்டுப் போயிடறேன்.”

மெஹரூன்னிசா மணலில் மண்டியிட்டாள். இன்னொரு தடவை கேட்கிறார்கள். அவளிடம் கேட்கிறார்கள்.

“மூடிடுங்கக்கா. ராத்திரிக்கு நானே இங்க இருக்கேன், வீட்டுல என்ன சொன்னாலும் சரி. வெளக்கு வெக்காம வுட்டா அதுங்க பொழச்சுக்கும். பூவிழி, நான் பாத்தேம்மா. அணைச்சதும் நேரா கடலுக்குப் போச்சு.”

பூவிழி கூடைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டைகள் ஈரமாக, புத்தம் புதுசாக இருந்தன. மணலைத் துடைத்துத் துடைத்து ஒழுங்காக அடுக்கியிருந்தாள்.

“அன்னிக்கும் நீங்கதான் சொன்னீங்க டீச்சர்,” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பது போலச் சொன்னாள். பிறகு அம்மாவைப் பார்த்து, “மூடாதம்மா. உள்ள வெச்சா பொறந்துடும். பொறந்து அன்னிக்கு மாதிரி செத்துடும்,” என்றாள்.

அலை வந்து ஆமையின் தடத்தில் பாதியை அழித்துவிட்டுப் போனது. ஆராயி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். டீச்சரிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மெஹரூன்னிசா வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் அது மறுபடியும் அவள் சொன்னதாகத்தான் இருக்கும்.

ஆராயி மிச்ச முட்டைகளையும் எடுத்துக் கூடையில் வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். முந்தானையைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டாள். நிறைந்த கூடையை ஒற்றை ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. பூவிழிக்கு அந்த உயரம் எட்டாது.

“ஒரு கை புடிங்க டீச்சரம்மா,” என்றாள்.

மெஹரூன்னிசா கூடையின் அந்தப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.